சிகாகோவில் ஓர் அவுன்ஸ் பருத்தி

1890களின் மத்தியில் சிகாகோ நகரத்தின் பள்ளிச் சாமான் கடைகளில் ஒரு தத்துவப் பேராசிரியர் மேசை நாற்காலி தேடி அலைந்தார். எந்தக் கடையிலும் அவருக்குப் பிடித்தது கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் விஷயத்தைப் பிடித்துவிட்டார். நீங்கள் கேட்பது குழந்தைகள் வேலை செய்வதற்கான மேசை, எங்களிடம் இருப்பதெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கானவை என்கிற அர்த்தத்தில் அவர் ஏதோ சொல்லப்போக, பேராசிரியர் அதைப் பிறகு தன் சொற்பொழிவில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பேராசிரியர் ஜான் டூயி. கடைக்காரரின் பெயர் யாருக்கும் தெரியாது.

டூயி 1894ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1896 ஜனவரியில் 16 குழந்தைகள், 2 ஆசிரியர்களோடு ஒரு வீட்டில் தொடக்கப்பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைக்குச் சோதனைக்கூடம் இருப்பதுபோலக் கல்வித் துறைக்கும் ஒன்று வேண்டும் என்பது அவர் வாதம். லேபரேட்டரி ஸ்கூல் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இன்றைக்கு 'விசாரணை வழிக் கற்றல்', 'கேள்வியிலிருந்து பாடம்' என்றெல்லாம் விளம்பரப் பலகை வைத்திருக்கும் பள்ளிகளின் வம்சாவளியைத் தோண்டிப் போனால் பெரும்பாலும் இந்த வீட்டு வாசலில்தான் போய் நிற்போம். டூயியைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு ஆர்வம் வேறொரு நாற்காலியில். அந்தப் பள்ளியில் பாடத்திட்டத்தை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தவர் யார்?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததற்குக் காரணம் அக்கா. பதினொரு வருஷம் வகுப்பாசிரியராக இருந்துவிட்டு இந்த ஜூனில் பெங்களூரில் ஒரு சர்வதேசப் பள்ளியில் கரிக்குலம் கோஆர்டினேட்டராகச் சேர்ந்திருக்கிறாள். ஐபி அமைப்பின் பிஒய்பி பாடத்திட்டம். 1997ல் தொடங்கியது. ஆறு பெரிய கருப்பொருள்கள், தொடக்க வகுப்புகளில் ஒவ்வொன்றின் கீழும் ஆண்டுக்கு ஒரு விசாரணை அலகு. எல்லா வகுப்புக்கும் சேர்த்து ஒரு பெரிய கட்டம் போட்ட அட்டவணை சுவரில் தொங்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கோஆர்டினேட்டர் இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் எக்ஸெல்லில் எதையோ சரிசெய்யச் சொல்லி அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், ஒன்னாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் முப்பது கட்டம் இருக்கு. ஒவ்வொரு கட்டத்துலயும் 'மாணவர் கேள்விகள்'னு ஒரு காலம் இருக்கு. குழந்தை மனசுலேர்ந்து கேள்வி வரணும்னு சொல்றாங்க. ஆனா அது என்ன கேட்கும்னு ஜூன் மாசமே நான் எழுதி வெச்சிடணும். இது எப்படிடா?"

"எங்க கம்பெனில இதுக்குப் பேரு ரெக்வயர்மெண்ட் டாகுமெண்ட்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதை முதலில் சந்தித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கலாம் என்றுதான் படிக்க ஆரம்பித்தேன்.

சிகாகோ பள்ளியின் முதல் அரையாண்டு அவ்வளவு சுகமாகப் போகவில்லை. ஒரே ஆசிரியர் எல்லாவற்றையும் சொல்லித்தருவது, அதில்தான் குழந்தையின் நாள் துண்டு துண்டாகாமல் இருக்கும் என்பது டூயியின் ஆரம்ப எண்ணம். நடைமுறையில் அது தடுமாறியது. அறிவியல் ஆழமாகத் தெரியாத ஒருவரால் குழந்தையின் நல்ல கேள்வியை அடையாளம் காணவே முடியாது. வானவில் பற்றி ஒரு பையன் கேட்டால் அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்தவர்தான் அதைப் பிடித்துக்கொள்வார், மற்றவர் 'அழகா இருக்குல்ல' என்று நகர்ந்துவிடுவார். 1896 இலையுதிர் காலத்திலேயே முறையை மாற்றினார்கள். அறிவியல், வரலாறு, சமையல், தச்சு என்று துறைவாரியாக ஆசிரியர்கள் வந்தார்கள்.

பிரச்சினை தீர்ந்த இடத்தில் இன்னொன்று முளைத்தது. ஒரு நாளில் நான்கு பேரிடம் போகும் எட்டு வயதுக் குழந்தைக்கு, அந்த நாள் ஒரே நாளாக இருக்கிறதா என்று யார் பார்ப்பது? அக்காவின் பதவி பிறந்த இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அறிக்கை, ஆய்வு, தணிக்கை எல்லாம் பிற்பாடு அதன்மேல் ஏறிக்கொண்டவை.

அந்த நாற்காலியில் இருந்தவர் கேத்தரின் கேம்ப். கல்யாணத்துக்குப் பிறகு கேத்தரின் கேம்ப் மேஹ்யூ. துணை முதல்வர், அறிவியல் துறைத் தலைவர், கூடவே 'வளர்ந்துகொண்டிருக்கும்' பாடத்திட்டத்தின் பொறுப்பாளர். தங்கை அன்னா கேம்ப் ஆரம்ப ஆண்டுகளில் வரலாற்று ஆசிரியர், பிறகு எல்லாத் துறைகளுக்குள்ளும் போய்வரும் சிறப்பு ஆசிரியர். இவர்களுக்கு மேலே, 1901 வாக்கில் எல்லா ஃபிளாக் யங் என்ற மகா ஆளுமை. இவர்தான் பின்னாளில் சிகாகோ நகரப் பள்ளிகள் முழுவதற்கும் தலைமை வகித்தவர். அமெரிக்கப் பெருநகரம் ஒன்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். டூயியின் தத்துவம் நடைமுறைக்கு வந்த இடத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் ஆசிரியைகள். புத்தகத் தலைப்புகளில் மட்டும் அவர் பெயர்.

பாடத்திட்டம் இப்படி இருந்தது. ஆறு வயதுக் குழுவுக்கு வீட்டுக்கு உணவும் உடையும் கொண்டுவரும் தொழில்கள், பண்ணை. ஏழு வயதில் ஆதிமனிதர்கள், கண்டுபிடிப்புகள் உருவான விதம். பிறகு கடலோடிகள், ஊர் சுற்றியவர்கள். அதற்கடுத்து சொந்த ஊர் சிகாகோ, அமெரிக்கக் குடியேற்றங்கள். அதாவது ஆண்டுக்கு ஒரு பெரிய சட்டகம் முன்கூட்டியே இருந்தது. குழந்தை என்ன கேட்டாலும் அதுதான் பாடம் என்று யாரும் விட்டுவிடவில்லை. சட்டகத்துக்குள் அந்தந்த வாரம் என்ன நடக்கும் என்பது மட்டும் திறந்திருந்தது. ஆசிரியர்கள் நடந்ததை எழுதிக் கொடுத்தார்கள். வாராவாரம் கூடிப் பேசினார்கள். அடுத்த ஆண்டின் திட்டம் இந்த ஆண்டின் குறிப்புகளிலிருந்து வந்தது. எங்கள் தொழிலில் சொல்வதென்றால் டிசைன் டாகுமெண்டை விட லாக் ஃபைலுக்கு மரியாதை அதிகம். 1900ல் அந்தக் குறிப்புகளிலிருந்து எடுத்து ஒன்பது இதழ்களாக வெளியிட்டும் இருக்கிறார்கள்.

அக்காவின் ஷீட்டில் 'திட்டம்' என்பதற்கு ஏழு காலம் இருந்தது. 'நடந்தது' என்பதற்கு ஒன்று, அதுவும் கடைசியில், திரையை வலப்பக்கம் தள்ளினால்தான் தெரியும்.

சமையலறையில் ஒரு பாடம் நடந்தது. முட்டை வேகவைக்க வேண்டும். சமையல் குறிப்பைப் பார்த்துச் செய்துவிட்டுப் போகலாமே என்றுதான் குழந்தைக்குத் தோன்றும். பள்ளியில் முதலில் தண்ணீரைச் சூடாக்கி, எப்போது கொப்புளம் வருகிறது, எப்போது கொதிக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு சூட்டிலும் வெள்ளைக்கரு என்ன ஆகிறது என்று கவனித்தார்கள். முட்டையும் வெந்தது. இதைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. சோற்றைப் பதம் பார்ப்பதற்கு அவள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை, ஆனால் ஏன் என்று கேட்டால் 'அது அப்படித்தான்' என்பாள். அந்த 'ஏன்'னுக்காகத்தான் சிகாகோவில் அவ்வளவு மெனக்கெட்டார்கள்.

பருத்திக்கு வருவோம். 1899 ஏப்ரலில் பெற்றோருக்கும் ஆதரவாளர்களுக்கும் டூயி மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார், பள்ளிக்குப் பணம் தேவைப்பட்டது. அதில் சொல்கிறார்: குழந்தைகளிடம் கொட்டையோடு பருத்தியும், ஆட்டிலிருந்து வெட்டிய கம்பளி மயிரும் கொடுக்கப்பட்டன. பருத்தி உடையை விடக் கம்பளி உடை ஏன் முதலில் பரவியது என்பது கேள்வி. அவருக்கே முதலில் பதில் தெரியவில்லையாம். குழந்தைகள் அரை மணி நேரம் உட்கார்ந்து கொட்டையிலிருந்து பஞ்சைப் பிய்த்தார்கள். ஓர் அவுன்ஸ்கூடத் தேறவில்லை. ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கையால் ஒரு பவுண்டுதான் வரும் என்று கணக்குப் போட்டார்கள். பருத்தி இழை குட்டை, கம்பளி இழை நீளம், ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும் சொரசொரப்பும் உண்டு, நூற்பது சுலபம். ஆக, நம் முன்னோர்கள் ஏன் கம்பளி உடுத்தினார்கள் என்பது புரிந்துவிட்டது.

நான் இந்த இடத்தில் நின்றுவிட்டேன். நம் முன்னோர்களா? என் முன்னோர்கள் கம்பளி உடுத்தவில்லையே!

சிந்துவெளியில் பருத்தி உண்டு. சங்கப் பாடல்களில் பருத்தி நூற்கும் பெண்கள் உண்டு. கீழடியில் தக்களிகள் கிடைத்தன. இரண்டு உருளைகளுக்கு நடுவே பஞ்சை இழுத்துக் கொட்டையைப் பிரிக்கும் கைக்கருவி, எலி விட்னி 1793ல் தன் இயந்திரத்தைச் செய்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தியாவில் புழங்கியது. அதே அரை மணி நேர வேலையை அருப்புக்கோட்டையில் ஒரு வகுப்பில் கொடுத்தால் கேள்வி தலைகீழாகும்: இவ்வளவு கஷ்டமான பொருளை வைத்துக்கொண்டு உலகத்துக்கே துணி போட்டார்களே, எப்படி? பொருள் ஒன்றுதான். விடை ஊருக்கு ஊர் மாறுகிறது. விசாரணை அலகை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அப்படியே காப்பி பேஸ்ட் செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. விட்னியின் இயந்திரம் கொட்டை பிரிக்கும் வேலையைச் சுலபமாக்கியது. அதன் விளைவாக அமெரிக்கத் தெற்கில் பருத்தித் தோட்டங்கள் பெருகின, அடிமை முறை பல மடங்கு இறுகியது. டூயி அந்தச் சொற்பொழிவை நிகழ்த்தும்போது அடிமை முறை ஒழிந்து 34 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பருத்தியைப் பற்றிய அந்தப் பகுதியில் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நாள் முழுக்கக் கையால் பஞ்சு பிரித்தவர் யார் என்று ஒரு குழந்தை கேட்டிருந்தால்? கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். அந்தப் பள்ளிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள், நடுத்தர வசதிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். வகுப்பில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கேள்வி எந்த வாசலோடு நிற்கும் என்பது முடிவாகிறது. அக்காவிடம் சொன்னபோது, "எங்க ஸ்கூல்லயும் அதேதான். 'நீர்' யூனிட்ல எல்லாரும் மழைநீர் சேமிப்புதான் கேக்குறாங்க. லாரித் தண்ணிக்காகக் குடத்தோட நிக்கிற வீட்டுப் புள்ள ஒன்னு இருந்தா வேற மாதிரி கேக்கும்" என்றாள். பிறகு, கொட்டையோடு பஞ்சு எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள். கரிசல் காட்டு நண்பர் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

டூயி பள்ளியின் மையச் சொல் 'ஆக்குபேஷன்ஸ்'. சமையல், தையல், தச்சு, நெசவு. மனிதகுலம் பிழைத்த வழிகளைக் கையால் செய்துபார்த்து, அதற்குள்ளிருந்து அறிவியலும் வரலாறும் எடுப்பது. பேராசிரியர் மகன் தறியில் உட்காருவது ஒரு விடுதலை, ஏனென்றால் அவன் நெசவாளியாகப் போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சொல்லைத் தமிழில் 'தொழில்' என்று எழுதிப் பாருங்கள். உடனே கூடவே வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

1937ல் வார்தாவில் காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டம் உருவானது. ஜாகிர் உசேன் குழு பாடத்திட்டம் வகுத்தது. கைத்தொழில் வழியாக எல்லாப் பாடமும், குறிப்பாகத் தக்களியும் நூலும். காகிதத்தில் சிகாகோவுக்கு மிக நெருக்கம். ஆனால் விற்று வரும் காசில் பள்ளி தன் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அதில் இருந்தது. நூற்றது எத்தனை என்று எண்ண ஆரம்பித்தால் நூலைப் பற்றிய கேள்விகள் குறைந்துபோகும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். 1953ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். மிச்ச நேரம் குழந்தை வீட்டில் அப்பா அம்மாவின் தொழிலைக் கற்கும். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று ஒரே சொல்லில் உடைத்தார்கள். 1954ல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. செய்து கற்றல் நல்லதா கெட்டதா என்பதல்ல அங்கே நடந்த சண்டை. செருப்புத் தைப்பவர் மகன் செருப்பைப் 'செய்து கற்றால்' அது கல்வியா என்பது. எதிர்த்தவர்கள் சரியாகவே எதிர்த்தார்கள் என்பது என் கருத்து. முற்போக்குக் கல்வி பேசும் நண்பர்கள் பலர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

இதை மிகத் தெளிவாகப் பார்த்தவர் டூயியின் மாணவரே. அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். டூயி அப்போது அங்கேதான் இருந்தார். 1936ல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் அவரைத் தன் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். சாதி என்பது வேலைப் பிரிவினை என்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்ற வாதம் அதே உரையில்தான் இருக்கிறது. சிகாகோ பள்ளியின் தறியை இந்த வாதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தத் தறிக்கு முழு அர்த்தம் கிடைக்கிறது. யார் மகன் எதை நெய்தாலும் அது அவன் விதியாகாது என்ற உத்தரவாதம் இருக்கும் இடத்தில்தான் அது பாடம்.

தமிழ்நாட்டில் இதன் இன்னொரு கிளை 2003ல் முளைத்தது. சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. எம்.பி. விஜயகுமார் ஐஏஎஸ் முன்னெடுத்தார். மூலம், ஆந்திரத்தில் ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறை. 2007ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. என் சித்தப்பா பெண் அந்த வகுப்பில் படித்தவள். பாய் விரித்துக் குழுவாக உட்காருவார்கள். தரையில் இருக்கும் குழந்தைக்குக் கை எட்டும் உயரத்தில் சுவர் ஓரமாகக் கரும்பலகை. சுவரில் ஏணிப்படி: எந்த அட்டைக்குப் பிறகு எந்த அட்டை என்று விலங்குப் படங்களும் எண்ணும் போட்டிருக்கும். குழந்தை தானே போய்த் தன் அட்டையை எடுத்துக்கொள்ளும். பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தாலும் விட்ட படியிலிருந்து ஏறலாம். அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் காணாமல் போகும் ஊர்களில் இந்த ஒரு வசதி எவ்வளவு பெரிது என்பது நகரத்துக்காரர்களுக்குப் புரியாது.

பொறியாளனாக நான் அந்த ஏணிப்படியை ரசிக்கிறேன். சார்புகளை அவ்வளவு சுத்தமாக வரிசைப்படுத்திய வரைபடத்தைப் பல கம்பெனிகளில் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு ஆயிரக்கணக்கான கேத்தரின் கேம்ப்கள் கிடைக்கமாட்டார்கள், ஆகவே அவருடைய வேலையை அட்டைக்குள் அடைத்துவிடலாம் என்பதுதான் அதன் துணிச்சல். விலையும் அங்கேதான். அட்டை 47ல் இருக்கும் குழந்தை அட்டையில் இல்லாத ஒன்றைக் கேட்டால் அதை எழுதிவைக்க ஏணியில் இடமில்லை. பயிற்றுநர்கள் பள்ளி பள்ளியாகப் போய் யார் எந்தப் படியில் என்று படிவம் நிரப்பினார்கள். தன் வேகத்தில் கற்பது வந்தது, பிரம்பும் மேடையும் போயின. அது சின்ன சாதனை இல்லை. விசாரணை வந்ததா என்றால், ஆசிரியரைப் பொறுத்து. பிறகு அட்டைகள் எளிமையாக்கப்பட்டன. 2022ல் கொரோனா இடைவெளியை நிரப்ப எண்ணும் எழுத்தும் வந்தது. ஒவ்வொரு முறையும் பழைய அட்டைகள் பீரோவுக்குள் போயின. அவற்றோடு, எந்த அட்டை எந்த ஊரில் ஏன் வேலை செய்யவில்லை என்ற வகுப்பறை அனுபவமும் போனது. அதை ஒருவரும் கேட்டு வாங்கவில்லை.

சிகாகோவில் என்ன ஆயிற்று? 1902ல் 140 குழந்தைகள், 23 ஆசிரியர்கள் என்று பள்ளி நன்றாக வளர்ந்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டே, ஃபிரான்சிஸ் பார்க்கர் என்ற இன்னொரு பெரிய கல்வியாளரின் நிறுவனம் பெரும் நன்கொடைப் பணத்தோடு பல்கலைக்கழகத்துக்குள் வந்திருந்தது. 1902ல் பார்க்கர் இறந்தார். 1903ல் இரண்டு பள்ளிகளையும் இணைத்தார்கள். டூயியின் மனைவி ஆலிஸ் முதல்வராக இருந்தார். பார்க்கர் தரப்பு ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை, வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. ஆலிஸின் நியமனம் தற்காலிகம்தான் என்பது பல்கலைக்கழகத் தலைவர் ஹார்ப்பரின் நிலைப்பாடு. 1904ல் கணவனும் மனைவியும் ராஜினாமா செய்துவிட்டுக் கிளம்பினார்கள். ஏழெட்டு ஆண்டுகள்தான் மொத்தம்.

ஆசிரியர்களின் குறிப்புகள் மிஞ்சின. அவற்றை வைத்துப் பள்ளியின் வரலாற்றை எழுத ஆலிஸ் திட்டமிட்டிருந்தார், 1927ல் இறந்துபோனார். கேம்ப் சகோதரிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள். டூயி தம்பதி விலகி 32 ஆண்டுகளுக்குப் பிறகு, 1936ல் புத்தகம் வந்தது. பெயர் 'தி டூயி ஸ்கூல்'. அம்பேத்கரின் உரை அச்சான அதே ஆண்டு.

அதில் டூயி எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. அப்போது அவருக்கு 77 வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. திட்டங்களை ஆசிரியர்கள்மேல் திணிக்கக்கூடாது என்று விலகி நின்றதில், அவர்களுக்கு முன்கூட்டியும் சரி பின்னாலும் சரி போதுமான உதவி கிடைக்காமல் போயிற்று, ஆசிரியர்களுக்கு இன்னும் நியாயமான சூழல் அமைந்திருக்கலாம் என்கிறார். உதவி என்று அவர் சொல்வதில் விமர்சனத்தோடு கூடிய மேற்பார்வையும் சேர்த்தி. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். கேத்தரின் மேஹ்யூவும் அந்த வரிகளைக் கையெழுத்துப் பிரதியில் படித்திருப்பார், புத்தகம் அவருடையது. பள்ளி நடந்த காலத்தில் அந்த உதவியைத் தந்துகொண்டிருக்க வேண்டிய நாற்காலியில் இருந்தவரும் அவர்தான், அறிவியல் வகுப்பும் எடுத்துக்கொண்டு, துணை முதல்வர் வேலையும் பார்த்துக்கொண்டு.